நடுச்சுவர்

புதிதாகச் சபை ஆரம்பிக்கிறவர்கள் ஒருதரம் வடக்கன்குளம் போய்வரலாம். திருநெல்வேலிச் சீமையின் அந்தத் திருக்குடும்ப ஆலயத்தை 1872-ல் கட்டி முடித்தார்கள். பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள், கால்சட்டையின் இரு கால்கள் மாதிரி பிரிந்து போகும். ஒன்று வேளாளர் வகையறாவுக்கு, மற்றது நாடார் உள்ளிட்டோருக்கு. நடுவே சுவர். ஒரே பூசை, ஒரே சாமியார். பிரசங்கத்தில் அன்பும் இருந்திருக்கும், எங்கே போகும்?

1910-ல், கௌசானல் அடிகளார் காலத்தில், சுவரை இடித்தார்கள். சும்மா விடுவார்களா? வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் வேண்டும் என்றவர்கள் தோற்றார்கள்.

போன மாதம் எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர் புதுச் சபைக்கான 'அடிப்படை விழுமியங்கள்' பட்டியலைக் காட்டினார். அன்பு, ஜெபம், ஐக்கியம், ஊழியம். இதில் யாருக்கு என்ன ஆட்சேபம் வரப்போகிறது? அதுதான் எனக்கு இடித்தது. கீழே நான் பென்சிலில் எழுதினேன்: கமிட்டியில் காலனிக்காரர் யார்? கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? காலனியில் வீட்டு ஜெபம் வைத்தால் எத்தனை பேர் வருவீர்கள், வந்தால் அங்கே டீ குடிப்பீர்களா?

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. "தம்பி, இதையெல்லாம் கேட்டா சபை தொடங்குறதுக்கு முன்னாடியே பாதிப் பேரு போயிருவாங்கடே."

"போகட்டும்ணே. போறது யாருன்னு இப்பவே தெரிஞ்சிரும்லா?"

பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் பென்சில் வரிகளை அழிக்கவில்லை. முதல் வீட்டு ஜெபம் எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை.