மடியில் ஒரு பொம்மை

பேய்ப்படம் பார்த்துப் பயப்படாத ஆள் என்று எங்கள் கிளாசில் எனக்கு ஒரு பேர் உண்டு. அப்பேர்ப்பட்ட என்னை நடுங்க வைத்தது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்!

அதற்கு முன்னால் கொஞ்சம் சினிமா. வீணை எஸ். பாலசந்தர் 1954-ல் எடுத்த 'அந்த நாள்' துப்பாக்கிச் சத்தத்தோடு ஆரம்பிக்கும். ரேடியோ எஞ்சினியராக வரும் சிவாஜி செத்து விழுவார். (நம்ம எலக்ட்ரானிக்ஸ் பசங்க மன்னிக்கவும்!) திடுக்கென்று இருக்கும். அப்புறம் சுட்டது யார் என்ற கேள்விதான். அவரே 1964-ல் எடுத்த 'பொம்மை' வேறு ரகம். வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறிப் போகும். உள்ளே இருப்பது என்னவென்று நமக்குத் தெரியும், வைத்திருப்பவருக்குத் தெரியாது. அவர் சிரிக்கச் சிரிக்க நமக்கு வயிற்றைப் பிசையும்.

ஹிட்ச்காக் 1962-ல் பிரெஞ்சு டைரக்டர் த்ருஃபோவிடம் இதற்குக் கணக்கே சொன்னார். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் மேஜைக்கடியில் குண்டு திடீரென்று வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. குண்டை முன்னாலேயே நமக்குக் காட்டிவிட்டால் 15 நிமிஷம் சஸ்பென்ஸ். அவருடைய 'சபோட்டாஜ்' (1936) படத்தில் ஒரு பையன், குண்டு என்று தெரியாமலே ஒரு பார்சலை லண்டன் பஸ்ஸில் கொண்டு போவான். பஸ் டிராபிக்கில் நிற்கும். கேமரா பையனைக் காட்டும், பார்சலைக் காட்டும், கடிகாரத்தைக் காட்டும். மறுபடி பையன், பார்சல், கடிகாரம். கடைசியில் குண்டு வெடித்துப் பையன் செத்துப்போவான். அது தப்பு என்று ஹிட்ச்காக்கே பிற்பாடு ஒத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் தவிக்க விட்டுவிட்டுக் கொல்லக்கூடாதாம்!

இப்போது நம்ம பஸ். இரண்டாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த சாயங்காலம். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட் பைக்குள் இருக்கிறது. மேத்ஸ் அவுட். சத்திரத்தில் பஸ் ஏறினால், உள்ளே அப்பா உட்கார்ந்திருக்கிறார்!

"பையைக் குடுடா, நான் வெச்சுக்கறேன். நீ கம்பியைப் பிடிச்சு நில்லு."

கொடுத்துவிட்டேன். மடியில கனமிருந்தா வழியில பயம் என்பார்கள். கனம் அப்பா மடியில், பயம் எனக்கு. அவர் பாட்டுக்குப் பக்கத்து சீட்டுக்காரரிடம், "பையன் டிப்ளமோ மெக்கானிக்கல். கணக்குல கெட்டி" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்.

காவிரிப் பாலத்தில் டிராபிக். டிரைவர் எஞ்சினை ஆஃப் பண்ணினார். அந்த நிசப்தம் இருக்கிறதே, எந்த மியூசிக் டைரக்டராலும் போட முடியாது! அப்பா முகம், பை, என் வாட்ச். அப்பா முகம், பை...

"டப்பாவை இன்னிக்காவது கழுவினியாடா?" என்றபடி அப்பா ஜிப்பில் கை வைத்தார்.

"அப்பா, மேத்ஸ் போச்சுப்பா."

எப்படி வாய் திறந்தேனோ தெரியவில்லை. பஸ்ஸே என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தார்.

"எத்தனை?"

"இருபத்தி மூணு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாதி திறந்த ஜிப்பை மூடினார். பஸ் கிளம்பியது. மாம்பழச்சாலையில் கூட்டம் இறங்கி, எதிர் சீட்டில் எனக்கு இடம் கிடைத்தது. பையைக் கேட்டுக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. ராஜகோபுரம் ஸ்டாப் வருகிற வரைக்கும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.