முல்லைக் கடலும் மண்ணெண்ணெயும்

நம் கல்லூரியன்னை விழாக் காணும் இந்நன்னாளில் மலருக்கு ஒரு கட்டுரை வரைந்துதவுமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, பள்ளிப்பருவ நினைவுகளையே எழுதுவோம் என்று முதலிற் கருதினோம். ஆயின், அந்நினைவுகளைத் துருவிச் சென்றவிடத்து அவை மண்ணெண்ணெய் விளக்கொன்றின் அடியிற் போய் நின்றன. அவ்விளக்கிலிருந்து எண்ணம் முல்லைத்தீவுக் கரைக்குத் தாவிற்று. அவ்வழியே செல்ல அன்பர்கள் இசைவு தருவார்களாக.

யாம் இக்கல்லூரியிற் பயின்றது 1990களில். அக்காலத்தில் வன்னிக்கு எரிபொருள் வருவது தடுக்கப்பட்டிருந்தது, மின்கலங்களும் தடைப்பொருள்களாயிருந்தன. மின்சாரம் பௌதிக நூலில் மட்டுமே ஓடிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கின் முன் நால்வர் தலைகுனிந்து படிப்போம். செய்தி கேட்க விழைந்தால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோ தந்த மின்னில் வானொலி பேசும். ஒரு துளி எண்ணெயின் விலை யாதென்பதை எமக்கு உணர்த்தியது அவ்விளக்கே.

பின்னர்ப் பொறியியல் கற்று, வெளிநாட்டுத் துறைமுகமொன்றிற் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினோம். துறையில் அணைந்து நிற்கும் கப்பல் வாளாவிருப்பதன்று. தன் விளக்குகளுக்கும் குளிரறைகளுக்கும் மின் வேண்டி இராப்பகலாகத் துணை எந்திரங்களை ஓட்டிப் புகை கக்கும். இதனைத் தவிர்க்கக் கரையிலிருந்து வடம் இழுத்துக் கப்பலுக்கு மின்னூட்டும் முறையைச் சுவீடனின் கோதன்பேர்க் துறைமுகம் 2000 ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் 2004 ஆம் ஆண்டிலும் கைக்கொண்டன. உலகம் வெளிவிடும் வெப்பவாயுக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு கப்பல்களிலிருந்து வருவது. அதனை 2050 ஆம் ஆண்டளவில் இன்மையாக்க வேண்டுமென்று அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2023 இல் உறுதி பூண்டது. நமக்கு அண்மையிலுள்ள தூத்துக்குடித் துறைமுகத்திற்கூட, நீரைப் பகுத்துப் பசுமை ஐதரசன் ஆக்கும் சிறு பரிசோதனை நிலையமொன்று 2025 செப்டெம்பரில் தொடங்கப்பெற்றது. இத்தகைய பணிகளிலே கைதேர்ந்தோம் என்னும் செருக்கு எமக்கும் இருந்தது. அதனை உடைத்தது முல்லைத்தீவு.

2022 ஆம் ஆண்டில் ஊர் திரும்பினோம். நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் அருகியிருந்த காலம் அது. முல்லைத்தீவிற் பெருங்கப்பல் அணையும் மேடை இல்லை, மணற்கரையே துறை. அக்கரையிலே கண்ணாடியிழைப் படகுகள் கவிழ்ந்த சிப்பிகள் போற் கிடந்தன. எரிபொருள் நிலையத்தின் முன்னோ வெறுங் கான்கள் வரிசையில் நின்றன. அவற்றின் உடையோர் வேலிநிழலில் இருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், 87 ரூபாவாயிருந்த ஓர் இலீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. எம் இளமையில் எண்ணெயை மறித்தது போர். இப்போது மறித்தது வறுமை. காரணம் வேறாயினும் கரை அடைந்த கதி ஒன்றே. புகையைக் குறைப்பது உலக நன்மைக்கு மட்டுமன்று, இக்கரையின் தன்னுரிமைக்கும் வேண்டுவதே என்று அன்று தெளிந்தோம்.

மேற்கொண்டு யாம் செய்தது பிழை. மின்மோட்டார் ஒன்றையும் இலிதிய மின்கலங்களையும் வாங்கிச் சிறு படகொன்றிற் பூட்டி, மாணவர் இருவரை உடனழைத்து நாயாற்றுக் களப்பில் இறங்கினோம். கேரளத்தில் 75 பேரை ஏற்றும் ‘ஆதித்யா’ என்னும் சூரியப் படகு 2017 முதல் வைக்கத்திலிருந்து ஓடுவதை நினைந்து, அங்கு இயன்றது இங்கு இயலாதோ என்று வாதித்தோம். போகும்போது படகு ஓசையின்றி அன்னம்போற் சென்றது. திரும்பும்போது எதிர்க்காற்று எழுந்தது. நடுக்களப்பில் மோட்டார் ஓய்ந்தது. மீன்பிடித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தம் தோணியோடு எம் படகைக் கட்டி, நீண்ட கழியை ஊன்றி ஊன்றிக் கரை சேர்த்தார். கரையில் அவர் சொன்னது இது:

“தம்பி, இது களப்பு, நான் இருந்தன், கட்டி இழுத்தன். வெளிக்கடலிலை எஞ்சின் நிண்டால் ஆர் வந்து இழுக்கிறது?”

நாணினோம். அன்றிரவு, முன்னரே செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தோம். 20 இலீற்றர் மண்ணெண்ணெயின் நிறை 16 கிலோகிராம். அதனுள் அடங்கிய வெப்பம் 190 மின்னலகுக்கு ஒப்பு. சிறிய எந்திரம் அதில் ஐந்திலொரு பங்கையே உந்துவிசையாக்கி எஞ்சியதை வீணாக்கும். அதோடு ஐம்பது கிலோகிராம் காபனீரொட்சைட்டை வானுக்கு அனுப்பும். அத்தனை வீணுக்குப் பின்னும் அதே உந்துவிசையை மின்கலத்தாற் பெற வேண்டுமாயின் 300 கிலோகிராம் அளவு மின்கலம் ஏற்றல் வேண்டும். வலைக்கும் மீனுக்கும் ஆளுக்கும் இடமின்றிப் போகும். கடலில் நிறையே பகை.

மறுநாள் விடியற்காலை அப்பெரியவரின் வாடிக்குச் சென்று, “அண்ணை, எண்ணெய்க்கு அடுத்தபடி உங்கள் காசை விழுங்குவது எது?” என்று வினாவினோம். “ஐஸ்தான், வேறென்ன” என்றார். இவ்வினாவை முதலிற் கேட்டிருந்தால் களப்பின் நடுவே நிற்க நேர்ந்திராது.

ஐஸைப் பற்றிச் சிறிது விரிப்பது பொருந்தும். பிடித்த மீனுக்கு ஐஸ் இல்லையேல் வன்னி வெயிலில் அது அந்திக்குள் கெடும். கெடுமுன் விற்கவேண்டுமாதலின், வாங்குவோர் சொன்னதே விலை. ஐஸ் ஆலை உண்பது மின்சாரம். அம்மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துப் பெறுவது. ஒரு தொன் நீரை ஐஸாக்க, குளிரூட்டும் எந்திரத்தின் திறத்தையும் இழப்புக்களையும் சேர்த்தெண்ணின், எழுபது எண்பது அலகு மின் போதும். நம் வறண்ட வலயத்தில் ஒரு கிலோவாற்றுச் சூரியத்தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு தரும். ஆகவே இருபது கிலோவாற்றுத் தகடு நாளொன்றுக்கு ஒரு தொன் ஐஸ் தரும். கரையில் நிறை பகையன்று. கூரையின் மேல் எத்தனை தகடும் கிடக்கலாம். யாவற்றினும் மேலாக, இரவுக்கென மின்கலமும் வேண்டா. பகல் வெயிலில் உறைந்த ஐஸைக் காப்பறையில் அடுக்கிவைத்தால், படகு புறப்படும் நள்ளிரவில் அது அங்கிருக்கும். ஐஸே மின்கலம்!

ஐஸ் முதலாவது, கரைவலையை இழுக்கும் உழவு இயந்திரமும் மீனேற்றும் லொறியும் அதன் பின்னே வரவேண்டியவை. களப்பின் குறுந்தொலைவுப் படகுகள் அவற்றுக்கும் பின்னே. வெளிக்கடற் படகுகள் ஈற்றிலே. மின்கலம் ஆண்டுக்காண்டு எடை குறைந்து வருதலின் அந்நாளும் வரும். வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி பாய்விரித்துச் சென்று 1938 இல் அமெரிக்கக் கரையை அடைந்ததன்றோ? எண்ணெயின்றிக் கடலோடல் நம் இனத்துக்குப் புதிதன்று.

இக்கணக்கை யாம் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் முன் வைத்தோம். அவர்கள் நிலம் தர இசைந்தனர். முதலுக்கு வழி இன்னும் பிறக்கவில்லை. பழைய மாணவர்களே, உங்களிற் பலர் கடல்கடந்து செழித்திருக்கின்றீர்கள். ஒரு தொன் ஐஸுக்கான தகடுகள் உங்கட்குப் பெரும்பொருளன்று. மாணவர்களே, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் உங்கள் வாயிலண்டையில் நிற்கின்றது. அங்கே சென்று எம்மினும் நன்றாகக் கற்பீர்கள். ஆயினும் கருவியை வாங்குமுன் கரைக்குச் சென்று, அங்குள்ள பெரியவரை ஒரு வார்த்தை கேளுங்கள். எமக்கு அதைக் கற்பித்தது நடுக்களப்பில் ஓய்ந்த மோட்டார். உங்கட்கு இச்சிறு கட்டுரையே போதுமாகுக.

ஜாம் போத்தல் விளக்கில் எமக்கு ஒளிகாட்டிய நம் கல்லூரியன்னை நீடு வாழ்க!