மண்ணில் ஒரு மன்னிப்பு

தாயாரின் அடக்கத் திருப்பலியில், பல்லாண்டு பாடற்குழுவில் ஒலித்த நம் குரல் எழவில்லை. இறுதி வேளையில் அருகிராத குற்றவுணர்வு தொண்டையை அடைத்தது.

ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ், 2015-இல் 15 வயது மகனை இழந்தவர். பாடுவதை அவர் விடவில்லை; எனினும் பின்னாளில் களிமண்ணைக் கையிலெடுத்து, சாத்தானின் வாழ்வை 17 சுடுமண் உருவங்களாக வடித்தார். 2022-இல் அவை பின்லாந்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஓர் உருவில் சாத்தான் தன் பிள்ளையையே கொல்கிறான். இறுதி உருவிலோ, மாண்டு கிடக்கும் அவனை நோக்கி ஒரு குழந்தை மன்னிப்பின் கரம் நீட்டுகிறது.

சாத்தானுக்கு மன்னிப்பா? திருச்சபை அவ்வாறு கற்பிக்கவில்லை. ஆயினும் அங்கே நாம் காண்பது, மன்னிப்புக்கு ஏங்கும் ஒரு தந்தையின் உள்ளத்தையே. அந்தச் சிறு கரம் நமக்கும் தேவைப்பட்டது.

குரல் அடைத்த வேளையில் கைகளும் செபிக்கும். மண்ணால் மனிதனை உருவாக்கியவர் அச்செபத்தை அறிவார்.