கல்லைப் பழக்குதல்
இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

எங்கள் ஆய்வகத்தின் மூலையில் ஒரு கடல்நீர்த் தொட்டி வறண்டு கிடந்தது. உள்ளே பாசி காய்ந்து நாறும் பழைய பவளப் பாறைத் துண்டுகள். "எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாமே, ஐயா!" என்றேன்.

"எங்கே வாங்குவாய்?" என்றார் பேராசிரியர். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியதால் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன என்றும் விளக்கினார்.

வெட்கத்தோடு வேலையில் இறங்கினேன். பிரஷ்ஷால் தேய்த்து, நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, வாடை போக அலசி, வெயிலில் காயவைத்தேன். கல் வெளுத்துவிட்டது! லிட்டருக்கு 35 கிராம் கடலுப்புக் கரைத்து, மறுநாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். நான்காம் நாள் இரண்டும் செத்து மிதந்தன.

மீன் கழிவிலுள்ள அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை கல்லில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். நான் வெளுத்த கல்லில் அவை ஏது?

அன்று உத்திரமேரூர் திரும்பியதும் அம்மாவிடம் சொல்லி வருந்தினேன். பள்ளிக்கூடம் அறியாத அம்மா கேட்டாள்: "புதுச் சட்டிய கஞ்சித்தண்ணி ஊத்திப் பழக்காம யாராச்சும் கொழம்பு வெப்பாங்களாடா?"

மறுபடி தொடங்கினேன். கல்லை உப்புநீரில் இட்டு, காற்றுக்குழாய் வைத்து, சிறிது மீனுணவும் தூவி ஆறு வாரம் காத்திருந்தேன். சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று கண்ட பின்பே மீன்களை விட்டேன். அவை இன்றும் நீந்துகின்றன.

கல்லைக் கழுவ ஒரு நாள் போதும்; பழக்கத்தான் பொறுமை வேண்டும். அதை நான் கற்க இரண்டு உயிர்கள் போயின.