செவ்வாயும் வெள்ளியும்

ஜூலை 14, 2025, திங்கள்

காலை ஒன்பதரைக்கு வாடிக்கையாளர் நிறுவனத்தின் பர்ச்சேஸ்காரர் போன் செய்தார். "நூத்தி இருபது பாடி எப்போ சார் வரும்?"

"மாசக் கடைசிக்குள்ள வந்துடும்."

இந்தப் பதிலைப் பதினோரு வருஷமாகச் சொல்லி வருகிறேன். எந்த மாசம் என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பாடி என்றால் வால்வின் உடல். பாலக்காட்டுப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் இது பழைய தொழில். 1970களில் இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் இங்கே கன்ட்ரோல் வால்வு செய்ய ஆரம்பித்தது. 1987இல் திரவ ஓட்டத்தை அளந்து சான்று தரும் எஃப்.சி.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் வந்தது. அந்த வாசத்தில் பிழைக்கிற சின்னப் பட்டறைகளில் ஒன்று எங்களுடையது. நாற்பது பேர். கோவையிலிருந்து வார்ப்பு வாளையார் தாண்டி வரும். கடைந்து, துளைபோட்டு, உலையில் வைத்து எடுத்து, தண்ணீர் அழுத்தத்தில் சோதித்து, பெயின்ட் அடித்து அனுப்புவோம். எதை எப்போது செய்வது என்று எழுதிவைப்பது என் வேலை. எழுதிவைப்பது எக்செல்லில். பச்சை, மஞ்சள், சிவப்பு. மாதக் கடைசியில் எல்லாக் கட்டமும் சிவப்பாகிவிடும்.

போன வாரம் மகன், ஃப்ரெப்பிள் என்ற திட்டமிடும் மென்பொருளைப் பழைய கம்ப்யூட்டரில் நிறுவிக் கொடுத்தான். பெல்ஜியத்துக்காரர் யோஹான் டி தாயே தொடங்கியது. மூல நிரல் திறந்தே கிடக்கிறது. கட்டணப் பதிப்பும் உண்டு. எனக்கு இலவசப் பதிப்பே தாராளம்.

ஜூலை 15, செவ்வாய்

நாள் முழுக்க அது கேள்வி கேட்டது, நான் பதில் நிரப்பினேன். என்ன பொருள்? எந்த இடம்? யார் கேட்கிறார்கள், எந்தத் தேதிக்கு? எந்த வேலை, எந்த இயந்திரத்தில்? ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் என்ற இடத்தில் மட்டும் அது இரண்டு வகை வைத்திருக்கிறது. ஒன்று, எண்ணிக்கைக்கு ஏற்ப வளரும் நேரம். கடைசலில் ஒரு பாடிக்கு 45 நிமிஷம் என்றால் பத்துக்கு 450. இன்னொன்று, எத்தனை வைத்தாலும் மாறாத நேரம். உலை அப்படித்தான்: ஒன்று வைத்தாலும் எட்டு மணி, இருபது வைத்தாலும் எட்டு மணி. தோசைக்கும் இட்லிக்கும் உள்ள வித்தியாசம். இத்தனை வருஷமாக எக்செல்லில் உலையையும் தோசைக் கணக்கிலேயே போட்டு வந்திருக்கிறேன்.

அது திட்டம் போடும் விதமும் நமக்குப் பழகியதுதான். கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்துவிட்டு, அதற்கு முன்னால் மண்டபம், அதற்கு முன்னால் பத்திரிகை, அதற்கு முன்னால் ஜவுளி என்று பின்னோக்கி எண்ணுகிறோமே, அதேபோல கெடு தேதியில் ஆரம்பித்துப் பின்னால் நடக்கிறது. நடுவில் இயந்திரமோ பொருளோ கிடைக்கவில்லை என்றால், முகூர்த்தத்தைத் தள்ளி வைத்து மறுபடி எண்ணுகிறது. முன்னுரிமை உள்ள ஆர்டருக்கு முதல் பந்தி.

மாலை ஐந்து மணிக்கு 'திட்டமிடு' பொத்தானை அழுத்தினேன். சில நொடிதான். நூற்றிருபதும் ஜூலை 30 அன்று லாரி ஏறிவிடுமாம். கெடு 31. முதலாளியிடம் காட்டினேன். "ரொம்ப நல்ல சாஃப்ட்வேரா இருக்கே" என்றார்.

ஜூலை 16, புதன்

நல்ல செய்தி ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. திட்டத்தைப் பார்த்த உலைக்காரர் சிரித்தார். மாலை ஏழு மணிக்கு உலையைப் போடச் சொல்லியிருக்கிறது. இங்கே மாலை ஆறு முதல் இரவு பத்து வரை உச்ச நேரம், மின்கட்டணம் கூடுதல். பத்து முதல் காலை ஆறு வரை குறைவு. எங்கள் உலை எட்டு மணி நேரம் எரிவது அந்த இரவுக்காகவே அளந்து தைத்த சட்டைபோல. கம்ப்யூட்டருக்கு யார் சொன்னார்கள்? உலைக்கு ஒரு நாட்காட்டி போட்டு, பத்திலிருந்து ஆறு வரை மட்டும் திறந்து வைத்தேன்.

உடனே அடுத்தது. பத்து மணிக்கு உலை ஏற்ற ஆள் வேண்டும். அந்த நேரத்தில் வாளையார் காட்டோரமாக பைக்கில் வர யாரும் தயாரில்லை. யானை. தண்டவாளத்தில் ரயிலையே இரவில் மெதுவாக ஓட்டச் சொல்லும் பாதை இது, பைக் எம்மாத்திரம்? உலை ஆட்கள் வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடுகிறார்கள். ஆள் ஆறு மணிக்கு, உலை பத்து மணிக்கு. நடுவில் நாலு மணி நேரம் அவர்கள் பிசிறு தட்டுவதும் பெட்டி அடிப்பதுமாக இருப்பது இதனால்தான். அவர்களுக்கும் தனி நாட்காட்டி. யானை என்று ஒரு கட்டம் அந்த மென்பொருளில் இல்லை. ஆனால் யானைக்குப் பயந்து மனிதர்கள் வகுத்துக்கொண்ட நேரத்துக்கு இடம் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தகரக் கூரையைப் பிடித்து ஆட்டுகிறது. பெயின்ட் அறைக் கதவைச் சாத்தி வைத்தும் தூசி.

பெயின்டரிடம் போனேன். வெள்ளைக்குப் பிறகு கறுப்பு அடிக்கத் துப்பாக்கியைச் சும்மா ஒரு தடவை கழுவினால் போதும், பத்து நிமிஷம். கறுப்புக்குப் பிறகு வெள்ளை என்றால் முக்கால் மணி. போகிற வழியும் வருகிற வழியும் ஒரே தூரம் இல்லை. ஃப்ரெப்பிளில் இதற்கென்று ஒரு மாற்று அட்டவணை உண்டு: எதிலிருந்து எதற்கு, எவ்வளவு நேரம். பெயின்டர் சொல்லச் சொல்ல நிரப்பினேன்.

மகன் ராத்திரி ஒரு கதை சொன்னான். பத்து வேலை, பத்து இயந்திரம். எல்லாம் முடிய ஆகும் மிகக் குறைந்த நேரம் என்ன? 1963இல் அச்சான இந்தக் கணக்கு தீர்ந்தது 1989இல். இருபத்தாறு வருஷம். ஒரே ஓர் இயந்திரத்தில் பத்து வேலையை வரிசைப்படுத்தவே 36,28,800 வழி இருக்கிறதாம். அதனால் இந்த மாதிரி மென்பொருள்கள் ஆகச் சிறந்ததைத் தேடிக்கொண்டு உட்காருவதில்லை. ஒழுங்கான ஒன்றைச் சீக்கிரம் தருகின்றன. எங்களிடம் ஒழுங்கானதே இல்லாதபோது சிறந்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஜூலை 18, வெள்ளி

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வாடிக்கையாளர் அமர்த்திய வெளியாள். ஒவ்வொரு பாடியும் தண்ணீர் அழுத்தத்தில் கசியாமல் நிற்பதை அவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் கோவையிலிருந்து வருவார். சாப்பாட்டு நேரம் போக ஆறு மணி நேரம். ஒரு பாடிக்கு 25 நிமிஷம். இன்றைக்குப் பதினாலு ஆயிற்று. ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் வாசலைத் தாண்டும்போதுதான் உறைத்தது. என் திட்டத்தில் கடைசல் இயந்திரம் இருக்கிறது, உலை இருக்கிறது, பெயின்ட் துப்பாக்கிகூட இருக்கிறது. இந்த மனிதர் இல்லை.

ஜூலை 21, திங்கள்

இன்ஸ்பெக்டரை ஓர் இயந்திரமாகச் சேர்த்தேன். செவ்வாய், வெள்ளி, பத்து முதல் ஐந்து. மற்ற நாளெல்லாம் பூஜ்யம். ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை, சுதந்திர தினம், அதுவும் பூஜ்யம். அழுத்தினேன். கடைசிச் சோதனை ஆகஸ்ட் 19. லாரி 21.

ஜூலை 30 எங்கே, ஆகஸ்ட் 21 எங்கே. ஒவ்வொரு ஆர்டரும் ஏன் தாமதம் என்று காரணம் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதில் வரிசையாக ஒரே பெயர்: இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர், இன்ஸ்பெக்டர். வேலை தேங்கும்போதெல்லாம் கடைசல்காரரைத்தான் விரட்டிக்கொண்டிருந்தோம். ஓவர்டைம் கொடுத்தோம். அவர் சீக்கிரம் கடைந்த பாடிகள் சோதனை மேசைக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்திக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தன.

முதலாளியிடம் காட்டினேன். "முதல்ல போட்டதே நல்லா இருந்துச்சு" என்றார்.

மாலையில் செய்தி வந்தது. கேரள முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் காலமானார். வயது 101. நாளை அரசு விடுமுறை. கஞ்சிக்கோடு இருக்கிற எங்கள் புதுச்சேரி பஞ்சாயத்து மலம்புழா தொகுதியில் வருகிறது. 2001 முதல் 2021 வரை அவர்தான் இங்கே எம்.எல்.ஏ. இறக்கிக்கொண்டிருந்த வார்ப்பை லாரியிலேயே விட்டுவிட்டுச் சேட்டன்மார் கிளம்பினார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

பட்டறை பூட்டியிருந்தது. தெருவில் கறுப்புக்கொடி. டீக்கடையில் தமிழும் மலையாளமுமாக அவர் பேச்சுத்தான். இழுத்து இழுத்துப் பேசும் அவர் பாணியை ஒருவர் செய்து காட்டினார்; யாரும் சிரிக்கவில்லை. அவர் முதல்வராக இருந்த காலத்தில்தான், 2010இல், பெமல் என்ற அரசு நிறுவனத்தின் ஆலை கஞ்சிக்கோட்டுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து இன்ஸ்பெக்டரின் நாட்காட்டியில் இன்றைய தேதியைப் பூஜ்யமாக்கினேன். போனது ஒரே ஒரு செவ்வாய். கடைசிச் சோதனை ஆகஸ்ட் 22க்குத் தள்ளியது, லாரி 25க்கு. செவ்வாய், வெள்ளி தவிர வேறு எந்த நாள் பட்டறை மூடியிருந்தாலும் தேதி அசைந்திருக்காது. சந்தேகத்துக்குப் புதன்கிழமையைப் பூஜ்யமாக்கிப் பார்த்தேன். அசையவில்லை. கிழமைகளில் இப்படி ஒரு ஏற்றத்தாழ்வு இருப்பது பாட்டிக்குத் தெரியும். செவ்வாய், வெள்ளி கைமாற்றுக் கொடுக்க மாட்டாள்.

ஜூலை 23, புதன்

சோதனை மேசைச் சேட்டனிடம் உட்கார்ந்தேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது அவருக்கு. மென்பொருளில் 'சோதனை, 25 நிமிஷம்' என்று நான் எழுதியிருந்ததைக் காட்டி, இதற்கு யார் யார் வேண்டும் என்று கேட்டேன். அந்தக் கட்டம்தான் அப்படிக் கேட்டது.

"தம்பி, கட்டுறது ஒரு வேலை, பார்க்கிறது வேற வேலை. பாடியைத் தூக்கி வைச்சு, மூடி போட்டு, போல்ட் முறுக்கி, தண்ணி நிறைச்சு, கடைசியில வடிச்சு இறக்குறது... அதுக்கு நான் போதும். அழுத்தம் ஏத்தி முள்ளைப் பார்க்கத்தான் அவர் வேணும்."

கடிகாரம் வைத்துப் பார்த்தோம். கட்டுவதும் இறக்குவதும் 12 நிமிஷம். ஏற்றிப் பார்ப்பது 13. ஒவ்வொரு பாடிக்கும் 12 நிமிஷம் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் நேரத்துக்காக நூறு பாடி சாக்குக்குள் காத்திருக்கிறது.

இரண்டாவது மேசை இருந்தால் ஒன்றில் அவர் பார்க்கும்போது மற்றதில் கட்டலாம். சேட்டன் ஒன்றும் பேசாமல் பின்பக்கம் கூட்டிப்போய்த் தார்ப்பாயை விலக்கினார். பழைய மேசை. குறை ஒன்றே ஒன்று: ரப்பர் வளையம் போய்விட்டது. வாங்கித் தரச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த சீட்டு என் மேஜை டிராயரிலேயே இருந்தது. இரண்டு வருஷப் பழசு. அதை இங்கே எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் இந்தக் குறிப்பேட்டிலும் நான் நல்லவனாகவே தெரிவேன்.

நாளை ஆடி அமாவாசை. இங்கே கர்க்கடக வாவு. விடுமுறை. கிழமை வியாழன் என்பதால் திட்டத்துக்குச் சேதமில்லை.

ஜூலை 28, திங்கள்

வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பதினாலு. சனிக்கிழமை கோவை போய் வளையம் வாங்கி வந்தேன். இன்று சேட்டன் பழைய மேசையைத் துருதட்டி நிறுத்தினார். கசியவில்லை.

மென்பொருளில் சோதனையை இரண்டாக உடைத்தேன். கட்டுதல்: சேட்டன், மேசை இரண்டு. பார்த்தல்: இன்ஸ்பெக்டர். ஒரு நாளைக்கு 27. மிச்சம் 92. கடைசிச் சோதனை ஆகஸ்ட் 8, சனிக்கிழமை பெயின்ட், 11ஆம் தேதி திங்கள் லாரி.

பர்ச்சேஸ்காரருக்கு நானே போன் செய்தேன். அவர் கேட்காமல் நான் பேசியது இதுதான் முதல் தடவை. "ஜூலை 31க்கு வராது சார். ஆகஸ்ட் 11, திங்கள், லாரி ஏறும்." திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மாசக் கடைசின்னு சொல்லலையே சார் நீங்க" என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

27, 27, 27. இன்றைக்கு மிச்சம் பதினொன்று. பத்து நின்றது. கடைசியில் ஒன்று வியர்த்தது, வார்ப்பில் ஊசித்துளை. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார். சேட்டன் கசிந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு ஓரமாக வைத்தார். உபரி வார்ப்பு ஒன்று கையில் இருக்கிறது. இன்றைக்கே கடைசலில் ஏறினால் இரவு உலை, செவ்வாய்க்குத் தயார்.

பர்ச்சேஸ்காரருக்குப் போன். "திங்கள் நூத்திப் பத்தொன்பது ஏறும் சார். ஒண்ணு கசிஞ்சுது. அதுக்கு மாத்து செவ்வாய், பன்னெண்டாம் தேதி இன்ஸ்பெக்டர் பார்ப்பார். பதினாலாம் தேதி அனுப்பிடுறோம்."

"சரி" என்று வைத்துவிட்டார். எப்போ என்று கேட்கவில்லை.