இரவுகள் ஏஜெண்டுக்கு, பகல்கள் நமக்கு

டெல்லி கரோல் பாக்கில் இருக்கும் அந்த டிராவல் ஏஜெண்ட் எங்கள் முன் விரித்து வைத்த வண்ணத் தாளில் ஒன்பது இரவுகளும் பத்துப் பகல்களும் இருந்தன. பாரிஸ் மூன்று இரவு, சுவிட்சர்லாந்து மூன்று, இத்தாலி மூன்று. ஈஃபிள் கோபுரம், டிட்லிஸ் பனிமலை, பைசா கோபுரம், கொலோசியம் என்று பட்டியல் நீண்டது. லூவர் அருங்காட்சியகத்துக்கு எதிரே 'போட்டோ ஸ்டாப்' என்று எழுதியிருந்தது. மிலான் கதீட்ரலுக்கு எதிரேயும் அதேதான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தார். திருச்சியில் ஒரு கான்வென்ட் பள்ளியில் 32 வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். வயது 72. இரண்டு முழங்கால்களிலும் வலி. "இதுல உட்கார்றதுக்கு எங்கே நேரம் இருக்கு?" என்று கேட்டார். ஏஜெண்டுக்குத் தமிழ் தெரியாது. நான் இந்தியில் சொன்னேன். "பஸ்ஸில் உட்காரலாம் மேடம்" என்றார் அவர், கிண்டல் இல்லாமல்.

இது நடந்தது 2024 ஜூலையில். செப்டம்பர் கடைசியில் பயணம். தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது நான் முடிவு செய்துவிட்டேன்: ஏஜெண்ட் வேண்டாம், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அந்த முடிவு நான்கு நாட்கள் நீடித்தது.

மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு மற்றவர் கூட்டிப்போகும் இடத்துக்குப் போவது புதிய பழக்கமல்ல. 1841 ஜூலை 5-ம் தேதி தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோ என்ற ஊருக்கு ரயிலில் அழைத்துப்போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜெர்மனியின் கோப்ளன்ஸ் நகரில் கார்ல் பேடகர் பதிப்பகம் தொடங்கிவிட்டார். எந்த ஊரில் எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் அவருடைய வழிகாட்டிப் புத்தகங்கள், யார் துணையும் இல்லாமல் ஊர் சுற்ற விரும்பியவர்களுக்கானவை. ஆக, கூட்டிப்போகிறவரும் தனியாகப் போகிறவரும் ஒரே காலத்தில் பிறந்தவர்கள். இன்றுவரை ஒருவரையொருவர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்தச் சண்டையில் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதுகில் பையை மாட்டிக்கொண்டு, ரயில் போகிற போக்கில் இறங்கி, பிடித்த ஊரில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கும் ஐரோப்பியப் பையனின் சுதந்திரம் நமக்கு இல்லை. ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே எந்த இரவு எந்த ஊரில், எந்தக் கூரையின் கீழ் தூங்கப்போகிறோம் என்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். போகவர விமானப் பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், 90 யூரோ கட்டணம். இந்த ஏற்பாடு 29 நாடுகளுக்குப் பொது. விசாவை எந்த நாட்டிடம் கேட்பது என்பதற்கும் விதி இருக்கிறது. அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாட்கள் என்றால், முதலில் நுழையும் நாட்டிடம்.

இந்த விதி எனக்குத் தெரியாது. வண்ணத் தாளில் இருந்த மூன்று-மூன்று-மூன்று கணக்கை நான் மாற்றியிருந்தேன். பாரிசில் மூன்று இரவு, பெர்னில் ஐந்து, மிலானில் இரண்டு. பாரிசில்தானே இறங்குகிறோம் என்று பிரான்ஸ் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன். அதற்குள் சந்தேகம் வந்து கரோல் பாக்குக்குத் திரும்பினேன். ஏஜெண்ட் ஒரு நிமிடம் பார்த்தார். "அப்போது ஐந்து இரவு தங்கும் சுவிட்சர்லாந்திடம் கேட்க வேண்டும் மேடம். இதை இப்படியே கொடுத்திருந்தால் மையத்திலேயே திருப்பியிருப்பார்கள்" என்றார்.

அன்று பேசி முடித்ததுதான் இந்தத் தலைப்பில் இருக்கும் பங்கீடு. பிழை வந்தால் பயணமே நின்றுவிடும் என்கிற காரியங்கள் எல்லாம் அவருக்கு: விமானம், விசா, காப்பீடு, இரவுத் தங்கல். பிழை வந்தால் ஒரு மாலைப் பொழுது மட்டும் வீணாகும் என்கிற காரியங்கள் எனக்கு: ஊருக்குள் சுற்றுவது, சாப்பாடு, எதைப் பார்ப்பது, எதை விடுவது. பாரிசில் இறங்கி மிலானிலிருந்து திரும்புவது என்று விமானச் சீட்டை அவர் எடுத்தார். வந்த வழியே பாரிசுக்குத் திரும்பும் அலைச்சல் மிச்சம். பாரிஸ்-பெர்ன், பெர்ன்-மிலான் ரயில்களை நானே பதிவு செய்தேன். நீண்ட ரயில் பயணங்கள் இரண்டுதான் என்பதால் ரயில் பாஸ் எடுப்பதில் லாபம் இல்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில் தெரிந்தது.

தங்கும் இடத்தில் மட்டும் ஒரு தகராறு. 'பாரிஸ் ஹோட்டல்' என்று அவர் போட்டிருந்தது ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். பஸ்ஸில் போகும் கூட்டத்துக்கு அது பொருந்தும். முழங்கால் வலிக்காரருக்குப் பொருந்தாது. ஹோட்டலின் பெயரை மட்டும் கேட்காமல் தெரு முகவரியைக் கேளுங்கள் என்பது நான் யாருக்கும் சொல்லும் முதல் யோசனை. அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் லியோன் ரயில் நிலையத்துக்கு அருகே மாற்றிக் கொடுத்தார்.

இரண்டாவது யோசனை வரி பற்றியது. விமானச் சீட்டையும் தங்கலையும் ஒரே இடத்தில் சேர்த்து வாங்கினால் அது 'வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ்' ஆகிவிடும். விற்பவர் முன்கூட்டியே வரி பிடிப்பார். 2024-ல் அது ஏழு லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20. விமானச் சீட்டு மட்டும் வாங்கினால் இது கிடையாது. பிடித்த பணத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஆனால் புறப்படும் மாதத்தில் கையைக் கடிக்கும். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் கிளம்புமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

பாரிசில் மெட்ரோவை நாங்கள் தொடவில்லை. பழைய நிலையங்கள் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் இல்லை, படிதான். எங்கள் ஹோட்டலிலிருந்து கொஞ்சம் தள்ளி பஸ்டில் சதுக்கத்தில் 69-ம் எண் நகரப் பேருந்தில் ஏறினோம். அது நகராட்சி மண்டபம், லூவர், செய்ன் நதி எல்லாவற்றையும் ஜன்னலில் காட்டிவிட்டு ஈஃபிள் கோபுரத்தடியில் கொண்டுபோய் விட்டது. மறுநாள் லக்சம்பர்க் தோட்டத்தில் பச்சை இரும்பு நாற்காலிகளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நாற்காலிக்குக் கட்டணம் இல்லை. வண்ணத் தாளின்படி அந்த நேரத்தில் நாங்கள் மூன்று போட்டோ ஸ்டாப்புகளை முடித்திருக்க வேண்டும்.

பெர்ன், இந்தியப் பயணக் கூட்டங்கள் அதிகம் நிற்காத ஊர். அங்கே டிட்லிஸ் இல்லை. ஷாருக் கான், கஜோல் உருவப் பலகைகள் இல்லை. ஆரே நதி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் மேட்டில் பழைய நகரம். கடைகளுக்கு முன்னால் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் வளைவுகளோடு மூடிய நடைபாதை. நாங்கள் இருந்த நாட்களில் பாதி மழை. நனையாமல், படி ஏறாமல், களைத்தால் காபிக் கடையில் உட்கார்ந்து அம்மா ஊரையே நடந்து பார்த்தார். கிராம்காசே தெருவில் 49-ம் எண் வீட்டில்தான் ஐன்ஸ்டீன் குடியிருந்தார். 1905-ல் சார்பியல் கட்டுரையை எழுதியது பெர்னில் இருந்த காலத்தில்தான். அம்மா வாசலில் நின்று, "இவருக்கும் வாடகை வீடுதானா" என்றார்.

மூன்றாம் நாள் எந்தத் திட்டமும் இல்லை. ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண் நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டு, ஊரின் மேற்கே ஓய்ரோப்பாப்ளாட்ஸ் என்ற இடத்துக்குப் போகச் சொன்னார். அங்கே 2014 டிசம்பரில் திறக்கப்பட்ட 'மதங்களின் இல்லம்' இருக்கிறது. ஒரே கட்டடத்தில் மசூதி, தேவாலயம், பௌத்தர் மையம், அலேவி முஸ்லிம்களின் கூடம், ஈழத் தமிழர்களின் சைவக் கோயில். கோயிலில் வழிபாடு தமிழில் நடக்கிறது.

அங்கே அறுபது வயது மதிக்கத்தக்க யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர் எங்களுக்கு விபூதி எடுத்துக் கொடுத்து, எப்படி வந்தோம் என்று விசாரித்தார். பாதி ஏஜெண்ட் மூலம், பாதி நாங்களே என்றேன். அவர் சிரித்தார்.

"நாங்களும் ஏஜென்சிக்குக் காசு கட்டித்தான் வந்தனாங்கள், தங்கச்சி. எந்த நாடு எண்டு இறங்கின பிறகுதான் தெரிஞ்சது."

'ஏஜென்சி' என்று அவர்கள் சொல்வது, போர்க்காலத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை நாடு கடத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களை. கனடா என்று சொல்லி ஏற்றியதாகவும், வழியில் வேறு ஊர்களில் மாதக்கணக்கில் அறைக்குள் அடைத்து வைத்ததாகவும், கடைசியில் பனியில் இறங்கியபோது இது சுவிட்சர்லாந்து என்று சொன்னதாகவும் அவர் விவரித்தார். காதணி, தாலிக்கொடி எல்லாம் அந்தப் பயணத்தில் போயின. வேறு யாரோ கதை என்பதுபோல் சொல்லிவிட்டு, "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார்.

திரும்பும் டிராமில் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. எனக்கும் பேசத் தோன்றவில்லை. இரண்டு மாதமாக நான் ஏஜெண்டிடம் எதை விடுவது, எதை விடாமல் இருப்பது என்று சாமர்த்தியம் பேசிக்கொண்டிருந்தேன். இரவையும் பகலையும் போய்ச் சேரும் நாட்டின் பெயரையும் சேர்த்து ஒருவனிடம் ஒப்படைத்தவர்கள் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒப்படைக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்க முடிவதுதான் பயணிக்கும் அகதிக்கும் உள்ள வித்தியாசம் என்று அன்றைக்குத் தோன்றியது.

கடைசியாக மிலான். இந்தப் பயணத்தில் அம்மா வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: லியனார்டோ டாவின்சியின் 'கடைசி இராவுணவு'. பள்ளி உணவுக்கூடத்தில் மாட்டியிருந்த அதன் படத்தின் கீழேதான் 32 வருடம் அவர் டிபன் பாக்ஸைத் திறந்தார். பகல் என் பங்கு என்பதால் அந்தச் சீட்டும் என் பொறுப்பு. ஜூலை கடைசியில் நிதானமாக இணையதளத்தைத் திறந்தேன். நாங்கள் மிலானில் இருக்கும் எல்லா நாளும் விற்றுத் தீர்ந்திருந்தன. ஓவியம் இருக்கும் கூடத்துக்குள் ஒரு நேரத்தில் சிறு குழுவைத்தான் விடுகிறார்கள், அதுவும் 15 நிமிடம். மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பதை நான் படித்திருக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லாமல் ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "முதலிலேயே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார். மிலானில் உள்ளூர் வழிகாட்டிகள் சிலர் தங்கள் குழுக்களுக்கு முன்கூட்டியே இடம் எடுத்து வைத்திருப்பார்களாம். அப்படி ஒரு குழுவில் இரண்டு இடம் பிடித்துக் கொடுத்தார். சீட்டின் விலையைப்போல் பல மடங்கு. பேரம் பேசாமல் கட்டினேன். பகல்களிலும் சில, நாம் புறப்படும் முன்பே கட்டிப்போட வேண்டியவை.

சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடம் அது. ஈரமும் தூசும் உள்ளே போகாமலிருக்க ஒரு கதவு மூடிய பிறகுதான் அடுத்த கதவு திறக்கிறது. 1490-களில், காய்ந்த சுவரின் மேல் லியனார்டோ தீட்டியதால் ஓவியம் அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கிவிட்டது. 1943-ல் குண்டு விழுந்து கூடம் இடிந்தபோதும் இந்தச் சுவர் நின்றது. இருபது வருடத்துக்கு மேல் நடந்த சீரமைப்பு 1999-ல் முடிந்தது.

அம்மா நடுவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். வழிகாட்டி பேசிக்கொண்டே இருந்தார். அம்மா கேட்கவில்லை. பத்து நிமிடம் கழித்து என் கையைத் தொட்டு, "ஏசுவோட கால் எங்கேடி?" என்றார்.

ஏசுவுக்குக் கீழே, சரியாக மேசை நடுவில், ஒரு கதவின் மேல் விளிம்பு ஓவியத்துக்குள் ஏறியிருந்தது. 1652-ல் மடத்தார் சுவரில் வாசல் வெட்டியபோது கால்கள் போய்விட்டனவாம். பழைய பிரதிகளைப் பார்த்து வரைந்த படங்களில் கால்கள் இருக்கும். திருச்சிப் பள்ளியில் மாட்டியிருந்தது அப்படி ஒன்று.

"நம்ம ஸ்கூல் படத்துல கால் இருக்கும்" என்றார் அம்மா. மணி அடித்தது. அடுத்த குழு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் காத்திருந்தது. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

டெல்லிக்கு வந்ததும் கரோல் பாக் போய் ஏஜெண்டுக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொடுத்தேன். அவர் அடுத்த வருடத்துக்கான வண்ணத் தாளை நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன்.