மானியத்துக்கு முன்னால் சங்கம்

விண்ணப்பம் எழுதுவது நம் மலையகச் சனத்துக்குப் புதிய வேலை இல்லை, பிள்ளைகளே. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் குடியுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சம் பேருக்கும் குறைவாகத்தான். பிறப்புச் சான்றிதழ் எங்கே, இத்தனை வருடம் தொடர்ந்து இங்கேயே இருந்தாய் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு யார் கடதாசி வைத்திருந்தார்கள்? நம் பெயர் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில்தான். அதுவும் தோட்டத்து ஆபீசில், கணக்கப்பிள்ளை கையில் இருந்தது.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பல வருடம் சங்கச் செயலாளராக இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இன்று உங்களில் பலர் படித்திருக்கிறீர்கள், கம்பியூட்டர் தெரியும், கூட்டுறவு அபிவிருத்திக்கு எங்கே மானியம் கிடைக்கும் என்று தேடத் தெரியும். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்று நம்மைக் கவிழ்த்தது இன்னும் மாறவில்லை. நம்மைப் பற்றிய விவரம் நம் கையில் இல்லை.

மானிய அறிவிப்பைப் பார்த்த பிறகு சங்கம் தொடங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. மாதக் கடைசியில் முடிவுத் திகதி என்றால், மாத நடுவில் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர் எழுதி, கோயில் மண்டபத்தில் ஒரு படம் பிடித்து அனுப்புகிறார்கள். அது சங்கம் இல்லை. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி பதிவு வேண்டும், உபவிதிகள் வேண்டும், ஆண்டுதோறும் கணக்காய்வு வேண்டும். கூட்டுறவு இப்போது மாகாண சபை விடயம். மத்திய மாகாணக் கூட்டுறவுத் திணைக்கள உத்தியோகத்தர் வந்து அங்கத்தவர்களோடு பேசுவார். அவரைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். அவர் கேட்கிற கேள்வியைத்தான் நாளைக்கு நிதி தருபவரும் கேட்பார். அனேகமான நிதியாளர்கள் கடந்த ஓரிரு வருடத்துக் கணக்காய்வு அறிக்கை, கூட்டக் குறிப்பு, இரண்டு மூன்று பேர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு என்று கேட்பார்கள். இவை ஒரு கிழமையில் விளைகிற காரியங்கள் இல்லை.

கூட்டுறவு நமக்குத் தெரியாத பழக்கமும் இல்லை. மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டம் இருக்கிறதா? சீட்டுப் பிடிக்காத லயம் இருக்கிறதா? திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரிப்பணம் எடுத்து, கடைசிச் சதம் வரை ஊர்க் கூட்டத்தில் வாசிக்கிறோமே, அதுதான் ஆரம்பம். இங்கிலாந்தில் ரொச்டேல் ஊரில் 1844இல் இருபத்தெட்டுப் பேர், பலர் நெசவுத் தொழிலாளர்கள், தலைக்கு ஒரு பவுண் சேர்த்து மாவும் வெண்ணெயும் சீனியும் மெழுகுதிரியும் விற்கிற சின்னக் கடை போட்டார்கள். உலகக் கூட்டுறவு இயக்கம் அவர்களைத்தான் முன்னோடி என்கிறது. அவர்கள் மானியத்தில் தொடங்கவில்லை, சந்தாவில் தொடங்கினார்கள். நீங்களும் மாதம் நூறு ரூபாய் சேர்க்கிற சங்கத்தை இரண்டு வருடம் ஒழுங்காக நடத்திக் காட்டுங்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தைவிடப் பெரிய சிபாரிசுக் கடிதம் எந்த அரசியல்வாதியிடமும் கிடைக்காது.

நம் தோட்டங்களில் ஏற்கெனவே ஒரு கூட்டுறவு இருக்கிறது: தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம். தொண்ணூறுகளிலிருந்து, மக்கள் ‘ட்ரஸ்ட்’ என்று சொல்கிற பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தோடு சேர்ந்து வீட்டு வேலைகளை அது பார்த்து வருகிறது. இந்திய மானியத்தில் மலையகத்தில் கட்டிய 4,000 வீடுகளிலும் இந்தச் சங்கங்களுக்குப் பங்கு இருந்தது. வீட்டுக்காரரே நின்று கட்ட, பணம் தவணை தவணையாக வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். சங்கம் என்ற அமைப்பு இல்லாவிட்டால் இந்த அளவு பணம் லயத்து வாசல் வரை வந்திருக்காது. ஆனாலும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். பல தோட்டங்களில் அந்தச் சங்கத்துக்குத் தோட்டத்தை நிர்வகிக்கிற துரைதான் தலைவர். அங்கத்தவர் என்று பெயர் இருக்கிற எத்தனையோ பேருக்குத் தாங்கள் அங்கத்தவர் என்பதே தெரியாது. பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டால்தான் அது உங்கள் சங்கமாகும்.

இனி எழுதுகிற வேலைக்கு வருவோம். பால் குளிரூட்டித் தொட்டி ஒன்றுக்கு மானியம் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். “மக்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தல்” என்று தொடங்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பால் வண்டி காலையில் மட்டும் வருகிறது, மாலையில் கறக்கிற பாலை விற்க வழியில்லை என்று தொடங்குங்கள். எத்தனை வீட்டில் மாடு, காலையில் எத்தனை லீட்டர், மாலையில் எத்தனை, புளித்துப் போய்த் திரும்பி வந்தது எத்தனை? இதை ஆபீசிலோ கால்நடை வைத்தியரிடமோ கேட்டு எழுதாதீர்கள். நீங்களே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு மாட்டுப்பட்டிக்குப் போங்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற ஜூனிலும் அளக்க வேண்டும், புல் காய்ந்து பால் குறைகிற பெப்ரவரியிலும் அளக்க வேண்டும். நல்ல மாதத்துக் கணக்கை மட்டும் வைத்துத் தொட்டி வாங்கினால், வருடத்தில் பாதி நாள் அது வெறுமனே நிற்கும். மின்சாரக் கட்டணம் நிற்காது.

அந்த மின்கட்டணத்தில்தான் நம் திட்டங்கள் சாகின்றன. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் கொடுக்கிறவர்கள் நடைமுறைச் செலவுக்குக் கொடுப்பதில்லை. 1989இலிருந்து உலகெங்கும் நடக்கிற ஜப்பானின் அடித்தட்டு மானியத் திட்டமும் அப்படித்தான். தொட்டி பழுதானால் யார் திருத்துவது, லீட்டருக்கு எத்தனை சதம் அதற்காக ஒதுக்குவது, ஐந்து வருடம் கழித்து மோட்டரை மாற்றக் காசு எங்கிருந்து வரும் என்பதற்கெல்லாம் விண்ணப்பத்திலேயே பதில் இருக்க வேண்டும். முக்கியமாக, அந்தப் பதிலைப் பால்காரர்கள் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

யார் எதற்குக் கொடுக்கிறார்கள் என்றும் படியுங்கள். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் நடத்துகிற உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம் 50,000 டொலர் வரை கொடுத்து வந்தது. ஆனால் அது சுற்றாடலுக்கான பணம். வெறும் பால் தொட்டியை அங்கே கேட்பதில் பயனில்லை. சாணத்திலிருந்து உயிர்வாயு எடுத்து விறகு வெட்டுவதைக் குறைப்பதாக இருந்தால், சரிவில் மண் கரைவதைத் தடுப்பதாக இருந்தால், உண்மையிலேயே அதைச் செய்வதாக இருந்தால், அந்தக் கதவைத் தட்டலாம். நிதிக்காகத் திட்டத்தை வளைத்தால் இரண்டு வருடம் கழித்து அறிக்கை எழுதும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

உங்கள் பங்கு என்ன என்று கேட்கிற இடத்தில் “நாங்கள் ஏழைகள்” என்று எழுதவே எழுதாதீர்கள். அத்திவாரம் வெட்டுவதும், ரோட்டிலிருந்து கல்லும் மணலும் சுமப்பதும் பங்குதான். காலையில் பிரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் போடுகிற மாதிரியே ஒவ்வொரு நாளுக்கும் பேர் போட்டு, கையொப்பம் வாங்கி வையுங்கள். 2024இல் சம்பள நிர்ணய சபை வழியாக வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் முப்பது பேர் பத்து நாள் வேலை செய்தால் நான்கு லட்சத்து ஐயாயிரம் ரூபாய் உங்கள் முதலீடு. இருநூறு வருடமாக இந்த மலையில் நம் உழைப்புக்கு மற்றவர்கள்தான் விலை போட்டார்கள். விண்ணப்பத்தின் இந்த ஒரு பத்தியிலாவது நாமே போடுவோம்.

விலை விவரம் எழுதும்போது 2022ஐ மறக்காதீர்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்கு முன் எடுத்த விலைமனுவை வைத்துத் திட்டம் போட்டவர்கள் பாதிச் சுவரோடு நின்றார்கள். எதிர்பாராச் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்குவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது காணி. நீலகிரியில் 1962இல் குந்தா கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கியபோது, அங்கத்தவர்களுக்குச் சொந்தத் தேயிலை நிலம் இருந்தது. நமக்கு அது இல்லை. அரசுக்குச் சொந்தமான காணியைக் கம்பனிகள் நீண்டகாலக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. நாம் நிற்கிற இடத்திலே ஒரு தூண் நட இன்னொருவர் கையொப்பம் வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் செலவு செய்யத் தடையாகவே இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். காணி இன்னும் கம்பனி கையில்தான். ஆகவே அதன் அனுமதிக் கடிதத்தை முதலில் எடுங்கள், விண்ணப்பத்தைப் பிறகு எழுதுங்கள். துரை வாய்ச்சொல்லாகத் தந்த சம்மதம், துரை மாறிப் போனதும் போய்விடும். எந்தத் துண்டு நிலம், எத்தனை பேர்ச், எத்தனை வருடத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். முடியாவிட்டால் கட்டடம் தேவையில்லாத திட்டத்தைக் கேளுங்கள்.

நூற்றுக்குப் பத்து தந்தால் ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்று டவுனிலிருந்து ஆட்கள் வருவார்கள். அவர்களை வைத்து எழுதினால், அந்தப் பத்து எந்தக் கணக்கில் போகும்? பொய்க் கணக்கில்தான் போகும். முதலில் கூட்டத்தில் உட்கார்ந்து தமிழில் எழுதுங்கள். கொழுந்து எடுக்கிற அக்காமார் கேட்டு, “ஆமா, இதுதான் நம்ம பிரச்சினை” என்று சொன்ன பிறகு, பல்கலைக்கழகம் போன நம் பிள்ளை ஒருத்தர் ஆங்கிலத்துக்கு மாற்றட்டும். பாடசாலை விடுமுறைக்கு வருகிற ஆசிரியர்மாரும் உதவுவார்கள்.

அந்த அக்காமாரைப் பற்றி இன்னொன்று. மலையில் கொழுந்து எடுப்பது பெண்கள், நிர்வாகசபையில் உட்காருவது ஆம்பிளைகள். வங்கிக் கையொப்பக்காரர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். நிதி தருகிறவர் கேட்பதற்காகச் சொல்லவில்லை. சீட்டுக் காசை ஒரு சதம் பிசகாமல் இத்தனை வருடம் கொண்டு நடத்தியவர்கள் அவர்கள்தான். கூட்டத்தையும் அவர்கள் மலையால் இறங்கி, தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி முடித்த நேரத்தில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் வருவார்கள்.